வங்கியிலிருந்து மதிப்பீட்டாளர் வருகிறார்: அம்மா வீட்டை எப்படித் தயார் செய்வது?

#1 நிலைவாசல்

எல்லோருக்கும் வணக்கம். அம்மா போய் 11 மாதம் ஆகிறது. வீடு எனக்கும் அண்ணனுக்கும் சரிபாதி. அண்ணன் குடும்பத்தோடு வேறு ஊரில் இருக்கிறார். நான்தான் அம்மாவோடு இங்கே இருந்தேன், இனிமேலும் இங்கேதான் இருக்கப்போகிறேன். அண்ணனுடைய பாதியை நான் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. அதற்குக் கடன் கேட்டிருக்கிறேன். வங்கியிலிருந்து மதிப்பீட்டாளர் பத்து நாளில் வருவார் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு இரண்டு குழப்பம். ஒன்று, அவர் வந்தால் உண்மையில் எதைப் பார்ப்பார், நான் என்ன எடுத்து வைக்க வேண்டும். இன்னொன்றைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. வீட்டைப் பளிச்சென்று வைத்தால் மதிப்பு ஏறி, அண்ணனுக்குக் கொடுக்க வேண்டிய தொகையும் ஏறும். அப்படியே விட்டால் மதிப்பு இறங்கி அண்ணனுக்கு நஷ்டம். "நீ பார்த்துச் சொல்லும்மா, நீ சொல்றதுதான் விலை" என்று அவர் முடித்துவிட்டார். அப்படிச் சொன்னவருக்கு ஒரு காசு குறைத்துக் கொடுத்தாலும் எனக்குத் தூக்கம் வராது. அதே சமயம் தாங்க முடியாத கடனையும் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது.

வீடு தரைத்தளம் மட்டும். வயது 34. மூன்று படுக்கையறை. பின்பக்கம் உள்ள ஒரு அறை அப்பா பிற்பாடு இழுத்துக் கட்டியது. நடு அறைச் சுவரில் ஈரத்திட்டு இருக்கிறது. வேறு என்ன விவரம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

#2 செங்கல்மணி

சிஸ்டர், முதல் வேலையா ஒண்ணு சொல்றேன். அந்த ஈரத்திட்டு மேல பெயிண்ட் அடிச்சிடாதீங்க. வேல்யூவர் வர்றார்னதும் நிறைய பேர் அதைத்தான் பண்றாங்க. நாலு சுவர் பழசா இருந்து ஒரு சுவர் மட்டும் புதுசா மின்னுச்சுன்னா, அனுபவம் உள்ள ஆள் நேரா அங்கதான் கையை வைப்பார்.

திட்டு எங்க இருக்கு? தரையிலேர்ந்து ஏறி இடுப்பளவுல உப்புக்கோடு மாதிரி நிக்குதா, இல்ல மேலேர்ந்து இறங்குதா? தரையிலேர்ந்துன்னா அஸ்திவார ஈரம், அது பெரிய வேலை. மேலேர்ந்துன்னா தளம். அந்தச் சுவருக்குப் பின்னாடி பாத்ரூம் இருந்தா பைப். மூணுக்கும் செலவு வேற வேற. காரணம் தெரியாத ஈரம்தான் விலையை அதிகமா இறக்கும், ஏன்னா பார்க்கிறவங்க மோசமானதைத்தான் நினைச்சுக்குவாங்க.

#3 அளவுநாடா

நான் 26 வருடம் வீட்டு மதிப்பீடு செய்து ஓய்வு பெற்றவன். உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிந்தால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

பெருக்கித் துடைத்து வைத்ததற்காக மதிப்பு ஏறாது. துணி மடிக்காமல் கிடப்பதற்காக இறங்கவும் இறங்காது. சாமான்கள் உங்களோடு போகிறவை. நாங்கள் அவற்றைக் கண்ணால் நகர்த்திவிட்டுத்தான் வீட்டைப் பார்ப்போம். ஆனால் சாமான் மறைக்கும். அடைசலான அறையில் சுவர் தெரியாது, தரை தெரியாது. பூட்டிய அறை என்றால் "உள்ளே பார்க்க முடியவில்லை" என்று அறிக்கையில் எழுதுவோம், அதைப் படிக்கிற வங்கி அதிகாரி தயங்குவார். ஆக, வீடு இருக்கிறபடியே முழுசாகத் தெரியும்படி வையுங்கள். நீங்கள் அண்ணனுக்கும் நியாயம் செய்தவராவீர்கள், உங்களுக்கும் நியாயம் செய்தவராவீர்கள்.

இப்போது முதல் கேள்வி. நாங்கள் தேடுவது "சந்தை மதிப்பு". 1981இல் தொடங்கி இன்று பன்னாட்டு மதிப்பீட்டுத் தர மன்றம் என்று இயங்கும் அமைப்பு அதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. அதன் சாரம் இதுதான்: வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் மனம் இருக்கிறது, விவரமும் தெரியும், யாருக்கும் நெருக்கடி இல்லை, இருவரும் உறவினர் போலப் பட்டவர்கள் இல்லை, வீட்டை முறைப்படி விலைக்கு அறிவித்து வேண்டிய காலம் காத்திருந்தார்கள். அப்படியென்றால் அந்தக் குறிப்பிட்ட தேதியில் இந்த வீடு எவ்வளவுக்குக் கைமாறும்? இதில் தேதி முக்கியம். மதிப்பீடு ஒரு நாளுக்குரியது. ஆறு மாதம் கழித்து அதே எண் பொருந்த வேண்டும் என்பதில்லை.

அதைக் கண்டுபிடிக்க மூன்று வழி. பக்கத்தில் சமீபத்தில் விற்ற, இதே மாதிரி வீடுகளோடு ஒப்பிடுவது ஒன்று. மனை விலையோடு, இதே வீட்டை இன்று கட்டினால் ஆகும் செலவைக் கூட்டி, தேய்மானத்தைக் கழிப்பது இன்னொன்று. வாடகை வருமானத்தை வைத்துப் பார்ப்பது மூன்றாவது. குடியிருக்கும் தனி வீட்டுக்கு ஒப்பீடுதான் முதுகெலும்பு. மற்ற இரண்டும் பெரும்பாலும் சரிபார்க்க.

ஒப்பீடு எப்படி நடக்கும் என்று ஒரு கணக்கு. பக்கத்துத் தெருவில் ஒரு வீடு 100க்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். அதில் உங்கள் வீட்டில் இல்லாத ஒரு குளியலறை கூடுதல். அதற்கு 4 கழிப்போம். அது உங்கள் வீட்டைவிடச் சிறியது, 6 கூட்டுவோம். விற்று எட்டு மாதம் ஆகிறது, அதற்குள் சந்தை ஏறியிருக்கிறது, 3 கூட்டுவோம். வருவது 105. திருத்தம் எப்போதும் விற்ற வீட்டின் விலையில்தான், உங்கள் வீட்டில் அல்ல. "அந்த வீடு உங்கள் வீடு போலவே இருந்திருந்தால் எவ்வளவுக்குப் போயிருக்கும்" என்பதே கேள்வி. இப்படி மூன்று நான்கு வீடுகளைப் போட்டு, எதற்குத் திருத்தம் குறைவோ அதற்கு அதிக எடை கொடுத்து ஒரு முடிவுக்கு வருவோம்.

#4 மழைநாள்

இழைக்கு நன்றி, நானும் இதே நிலையில் இருக்கிறேன். இணையத்தில் முகவரி கொடுத்தால் மதிப்புச் சொல்லும் தளங்கள் இருக்கிறதே, அது ஒரு எண் சொல்கிறது. வரி ரசீதில் வேறு ஒரு எண். அண்டை வீட்டுக்காரர் கேட்கும் விலை மூன்றாவது எண். எதை நம்புவது?

#5 அளவுநாடா

> அண்டை வீட்டுக்காரர் கேட்கும் விலை

கேட்கும் விலை ஆசை. விற்ற விலைதான் சான்று. வரிக்கான மதிப்பு பல்லாயிரம் வீடுகளுக்கு ஒரே சூத்திரத்தில் மொத்தமாகப் போட்டது, பல இடங்களில் வருடக்கணக்கில் மாற்றாமலும் கிடக்கும். தளங்களின் எண்ணும் கணக்கீட்டு மாதிரிதான். ஒரே மாதிரி வீடுகள் நிறைய விற்கும் பகுதியில் ஓரளவு நெருங்கும், ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு தினுசாக இருக்கும் பகுதியில் தடுமாறும். நிலைவாசல் வீட்டு ஈரத்திட்டு அதற்குத் தெரியாது. பின்னறையும் தெரியாது.

#6 நிலைவாசல்

இருவருக்கும் மிக்க நன்றி. செங்கல்மணி அண்ணா கேட்டதால் இன்று அலமாரியை நகர்த்திப் பார்த்தேன். திட்டு தரையில் தொடங்கவில்லை. முழங்கை உயரத்தில், இரண்டு கை அகலத்துக்கு, நடுவில் கருத்து ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கையை வைத்தால் ஒரு இடம் மட்டும் சில்லென்று இருக்கிறது. அந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறைக் குழாய்தான்.

அலமாரியின் கீழ்த்தட்டில் அம்மாவின் கணக்கு நோட்டு கிடைத்தது. அட்டை போய்விட்டது. ஒவ்வொரு வேலைக்கும் தேதி, ஆள் பெயர், தொகை, சில இடத்தில் ரசீதே பின் குத்தி வைத்திருக்கிறார். மொட்டைமாடிக்கு நீர்க்காப்புப் போட்டது ஆறு வருடம் முன்பு. வயரிங் முழுக்க மாற்றியது ஒன்பது வருடம் முன்பு. இதெல்லாம் நடந்தபோது நானும் வீட்டில்தான் இருந்தேன், ஆனால் யாராவது கேட்டிருந்தால் "ரொம்ப நாளாச்சு" என்று மட்டும்தான் சொல்லியிருப்பேன்.

இந்த நோட்டு அவருக்கு உதவுமா?

#7 அளவுநாடா

நிலைவாசல், அந்த நோட்டு உங்கள் வீட்டில் இருக்கும் மிக நல்ல ஆவணம். பத்திரமும் அனுமதி வரைபடமும் எப்படியும் வங்கியே கேட்கும். இது யாரும் கேட்காதது.

வீட்டுக்கு இரண்டு வயது உண்டு. கட்டி எத்தனை வருடம் என்பது ஒன்று. பராமரிப்பைப் பார்த்தால் எத்தனை வயது வீடு போலத் தெரிகிறது என்பது இன்னொன்று. அதை நாங்கள் "பயன் வயது" என்போம். தேய்மானம் இரண்டாவதில்தான் போடுவோம். 34 வருட வீடு 20 வருட வீடு போல நடந்துகொள்ளலாம். ஆனால் புதைத்த வயரும் தளத்தின் மேல் போட்ட நீர்க்காப்பும் கண்ணுக்குத் தெரியாதே! ரசீது இல்லாவிட்டால் மதிப்பீட்டாளர் அனுமானிக்க வேண்டியதுதான், அனுமானம் எப்போதும் பாதுகாப்பான பக்கம்தான் சாயும்.

நோட்டை அப்படியே நீட்டாதீர்கள். அவருக்கு அங்கே உட்கார்ந்து புரட்ட நேரம் இருக்காது. ஒரே ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எந்த வேலை, எந்த வருடம், ரசீது உண்டா இல்லையா. ரசீதுகளின் நகலைப் பின்னால் சேருங்கள். செலவான தொகையைப் பெரிதாகக் காட்ட வேண்டாம், வேலையும் வருடமும் போதும். ஈரத்திட்டையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்: "குளியலறைக் குழாய்க் கசிவு, சரிசெய்ய மதிப்பீட்டுத் தொகை இவ்வளவு." குறையை நீங்களே சொன்னால், மேலே எழுதிய நல்லதையும் நம்புவார்.

#8 செங்கல்மணி

முழங்கை உயரம்னா அது பைப் ஜாயிண்ட்தான், 90 சதவீதம். ஒரு எளிய சோதனை பண்ணுங்க. ராத்திரி படுக்கும்போது எல்லாக் குழாயையும் மூடிட்டு மீட்டரைப் பாருங்க, காலையில யாரும் தண்ணி தொடுறதுக்கு முன்னாடி மறுபடி பாருங்க. மீட்டர் நகர்ந்திருந்தா அழுத்தத்துல இருக்கிற லைன்ல கசிவு. நகரலைன்னா கழிவுநீர் பைப்போ, டைல்ஸ் இடுக்கோ. ஒரு நல்ல பிளம்பரைக் கூப்பிட்டு எழுத்துல கொட்டேஷன் வாங்கிடுங்க. பத்து நாள்ல அவசரமா உடைக்க வேணாம். பாதி உடைச்ச பாத்ரூம் கொட்டேஷனைவிட மோசம்.

சின்ன வேலை எல்லாம் முடிச்சிடுங்க: சொட்டுற குழாய், உடைஞ்ச கண்ணாடி, பூட்டாத கதவு, எரியாத விளக்கு. தனித்தனியா ஒண்ணுமில்லை. ஆனா பத்து இருந்தா வீட்டைக் கவனிக்கலைன்னு தோணும்.

அளவுநாடா சாருக்கு ஒரு கேள்வி. செலவு முக்கியமில்லைன்னு சொல்றீங்க. நான் ஒருத்தருக்கு சமையலறை பண்ணிக் கொடுத்தேன், வீட்டு விலையில அஞ்சுல ஒரு பங்கு அதுக்கே ஆச்சு. வேல்யூவர் வந்து அதுல கால்வாசிகூட ஏத்தலை. அந்த மனுஷன் எங்கிட்ட வந்து வருத்தப்பட்டார், எனக்கும் மனசு கேக்கலை. கல்லும் மரமும் கூலியும் நிஜமா செலவானது தானே? அது எங்க போச்சு?

#9 பச்சைக்கதவு

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நிலைவாசல் சொன்ன பின்னறையைப் பற்றி யாரும் பேசவில்லை. என் வீட்டில் அடிபட்டது அங்கேதான். எங்களுக்கும் பிற்பாடு கட்டிய அறை இருந்தது. அனுமதி வாங்கியிருந்தோம், ஆனால் தாள் கையில் இல்லை. மதிப்பீட்டாளர் கேட்டபோது "அதெல்லாம் இருக்கு" என்று வாயால் சொன்னேன். அறிக்கையில் அந்த அறை கிடங்கு என்று வந்தது, குடியிருப்புப் பரப்பில் சேரவே இல்லை. கடன் தொகை குறைந்து, வாங்கவிருந்த இடம் கைவிட்டுப் போனது. தாள் மூன்று வாரம் கழித்துப் பழைய பெட்டியில் கிடைத்தது. அப்பா கட்டிய அறைக்கு அனுமதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

#10 அளவுநாடா

பச்சைக்கதவு, மிகச் சரியான நேரத்தில் வந்தீர்கள். அனுமதி இல்லாத அறையைப் பரப்பில் சேர்க்காமல் விடுவோம். சில சமயம் அதை இடிக்கவோ முறைப்படுத்தவோ ஆகும் செலவைக் கழிக்கவும் நேரிடும். அனுமதி இருந்து தாள் இல்லை என்றால், அனுமதி கொடுத்த அலுவலகத்தில் நகலுக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பித்த ரசீதைக் காட்டினாலே மதிப்பீட்டாளர் "ஆவணத்துக்கு உட்பட்டு" என்று எழுத வழி உண்டு.

பரப்பு பற்றி இன்னொன்று. ஒரே வீட்டுக்கு மூன்று அளவு வரும். வெளிச்சுவரின் வெளிப்பக்கம் வரை அளந்தால் ஒன்று, சுவரின் உட்பக்கம் வரை அளந்தால் இன்னொன்று, உட்சுவர்களையும் நீக்கி நடக்கும் தரையை மட்டும் அளந்தால் வேறொன்று. இந்தக் குழப்பத்துக்காகவே குடியிருப்புகளுக்கென்று ஒரு பன்னாட்டு அளவீட்டுத் தரத்தை 2016இல் வெளியிட்டார்கள். உங்கள் பத்திரத்தில் உள்ள பரப்பும் அவர் அளப்பதும் வேறுபட்டால் பதறாதீர்கள், எந்த முறையில் அளந்தார் என்று கேளுங்கள். ஒப்பிடும் வீடுகளுக்கும் அதே முறைதானா என்பதுதான் முக்கியம்.

செங்கல்மணிக்கு: நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. செலவு எங்கும் போகவில்லை, அந்த வீட்டுக்காரர் தினமும் அனுபவிக்கிறார். ஆனால் அடுத்து வாங்குகிறவர் அதற்கு எவ்வளவு கூடுதலாகத் தருவார்? அந்தத் தெருவில் வீடுகள் 100க்குப் போகும்போது, அழகான சமையலறைக்காக ஒருவர் 105 தரலாம். 120 கையில் வைத்திருப்பவர் 120க்குப் போகும் தெருவுக்கே போய்விடுவார். அக்கம்பக்கம்தான் ஒரு வீட்டின் உச்சவரம்பு. வாடிக்கையாளர் சொந்த மகிழ்ச்சிக்குக் கட்டுகிறாரா, விற்கவா என்று நீங்கள் முன்கூட்டியே கேட்டுவிட்டால் அந்த வருத்தம் வராது.

தேய்மானத்திலும் இதே கதை. கூரை பழசானது ஒரு வகை. அமைப்பு சரியில்லாதது இரண்டாவது வகை: ஒரு படுக்கையறைக்குள் நுழைந்துதான் அடுத்த அறைக்குப் போக முடியும் என்றால், இரண்டுமே புத்தம் புதிதாக இருந்தாலும் கழிப்போம். மூன்றாவது வீட்டுக்கு வெளியே இருப்பது: ஓயாத இரைச்சல், நாற்றம், மழைக்குத் தேங்கும் வெள்ளம். மூன்றாவதை உரிமையாளர் எவ்வளவு செலவழித்தாலும் சரிசெய்ய முடியாது.

#11 செங்கல்மணி

ஏத்துக்கறேன் சார். ஆனா தரமான வேலைக்கும் மட்டமான வேலைக்கும் வித்தியாசம் ரிப்போர்ட்ல வரணும். எல்லாத்தையும் "நல்ல நிலை"ன்னு ஒரே வார்த்தையில எழுதிட்டுப் போறதும் நடக்குது. அதுதான் என் ஆதங்கம்.

#12 அளவுநாடா

அந்த ஆதங்கம் சரிதான். அவசர அவசரமாக ஒரே நாளில் எட்டு வீடு பார்ப்பவர்கள் அப்படி எழுதுகிறார்கள். நான் அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

#13 கடன்மேசை

நான் கடன் பிரிவில் வேலை பார்த்தவன். மதிப்பீட்டை விடுங்கள், நிலைவாசல் செய்யப்போகும் காரியத்தில் மூன்று இடம் கவனிக்க வேண்டும்.

முதலில், இந்த அறிக்கை வங்கிக்காக எழுதுவது. கட்டணம் நீங்கள் கட்டினாலும் அவருடைய கட்சிக்காரர் வங்கிதான். கடன் திரும்பாவிட்டால் வீடு தாங்குமா என்பதே வங்கியின் கவலை, அதனால் சில இடங்களில் அவசரமாக விற்றால் கிடைக்கும் தொகையையும் கேட்பார்கள். அந்தக் குறைந்த எண்ணை எடுத்து அண்ணன் பங்கைக் கணக்கிட்டுவிடாதீர்கள். சந்தை மதிப்பு என்று எழுதியிருக்கும் எண் தனி.

அடுத்தது "பாதிப் பங்கை மதிப்பிடுங்கள்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். பிரிக்காத பங்கைத் தனியாக வாங்க வெளியாள் யோசிப்பார், அதனால் பாதியின் சந்தை மதிப்பு முழு வீட்டில் சரிபாதியைவிடக் குறைவாக வர வாய்ப்பு உண்டு. முழு வீட்டையும் மதிப்பிடச் சொல்லி, பிறகு இரண்டாக வகுங்கள். இதை அண்ணனிடம் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாவது கடன் வரம்பு. முழு வீட்டு மதிப்பில் இத்தனை சதவீதமா, வாங்கும் பங்கில் இத்தனை சதவீதமா என்று வங்கியில் எழுத்தில் கேளுங்கள். வீடு 100 என்றால் அண்ணன் பங்கு 50. வரம்பு 80 சதவீதம் என்று வையுங்கள். முழு மதிப்பில் என்றால் 50ம் கடனாகவே கிடைக்க இடம் உண்டு. பங்கில் மட்டும் என்றால் 40தான், மீதி 10 உங்கள் கையிலிருந்து வர வேண்டும்.

முடிந்தால் அண்ணனும் நீங்களும் சேர்ந்து, வங்கிக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு மதிப்பீட்டாளரை நியமியுங்கள். கட்டணத்தை இருவரும் பாதிப் பாதி போடுங்கள். கட்டணம் நிலையான தொகையாக இருக்கட்டும், மதிப்பில் சதவீதமாகக் கேட்பவர் வேண்டாம். இரண்டு அறிக்கையும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அது இயல்பு. எவ்வளவு வித்தியாசம் வரை சராசரி எடுப்பது, அதற்கு மேல் போனால் மூன்றாவது ஆளைக் கேட்பதா என்று எண் வருவதற்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். எண் வந்த பிறகு பேசினால் அது வேறு பேச்சாகிவிடும்.

#14 நிலைவாசல்

கடன்மேசை சார், அண்ணனோடு நேற்று இரவு ஒரு மணி நேரம் பேசினேன். முதலில் "நமக்குள்ள எதுக்கும்மா இதெல்லாம்" என்றார். பிறகு நீங்கள் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். 5 சதவீதம் வரை சராசரி, தாண்டினால் மூன்றாவது ஆள் என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். இரண்டாவது மதிப்பீட்டாளரை அண்ணனே தேடித் தருகிறார்.

பின்னறை அனுமதித் தாள் கிடைத்துவிட்டது. அம்மா அதைப் பத்திரத்தோடு வைக்காமல் அப்பாவின் பழைய கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருந்தார். மீட்டர் இரவு முழுக்க நகரவில்லை. பிளம்பர் வந்து பார்த்துவிட்டுக் கழிவுநீர்க் குழாயின் இணைப்பு என்றார், எழுதியும் கொடுத்தார்.

நாளை காலை வங்கி மதிப்பீட்டாளர் வருகிறார். பக்கத்தில் விற்ற வீடுகளின் விவரம் என்னிடம் இரண்டு இருக்கிறது. கொடுக்கலாமா, தப்பாக எடுத்துக்கொள்வாரா?

#15 அளவுநாடா

விற்ற தேதி, பரப்பு, விலை, எங்கிருந்து தெரிந்தது: இவ்வளவுதான் என்றால் தாராளமாகக் கொடுங்கள். அவர் சரிபார்த்துக்கொள்வார். குறைந்த விலைக்குப் போனதையும் சேர்த்தே கொடுங்கள். "இவ்வளவு வந்தால் நன்றாயிருக்கும்" என்று மட்டும் சொல்லக்கூடாது. எண்ணைச் சொன்ன நிமிடமே அவர் மீது பாரம் ஏற்றுகிறீர்கள், நேர்மையானவர் அதை விரும்ப மாட்டார்.

எல்லாக் கதவையும் திறந்து வையுங்கள். விளக்குகளைப் போடுங்கள். மாடிக்குப் போகும் வழியையும் மீட்டர் பெட்டியையும் மறைக்காதீர்கள். நாய் இருந்தால் கட்டிவையுங்கள். கூடவே அறை அறையாக நடக்க வேண்டாம், கூப்பிடும் தூரத்தில் இருங்கள்.

#16 நிலைவாசல்

வந்து போய்விட்டார். மொத்தம் 40 நிமிடம். நான் மூன்று மணி நேரம் ஆகும் என்று நினைத்திருந்தேன்.

கையடக்கமான லேசர் கருவி வைத்திருந்தார். அறை மூலையில் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்து அழுத்தினால் எதிர்ச்சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழும், உடனே எண் வரும். நடு அறையில் அந்தப் புள்ளி சரியாக ஈரத்திட்டின் மேல் விழுந்தது. நான் அலமாரியை முன்னமே நகர்த்தி வைத்திருந்தேன். கிட்டே போய்க் கையை வைத்துப் பார்த்தார், என் தாளில் உள்ள வரியைப் பார்த்தார், "குழாய்தானா" என்றார். பிளம்பர் எழுதியதைக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

பின்னறையில் தாளைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள அளவையும் தன் அளவையும் ஒப்பிட்டார். வெளியே போய் வீட்டைச் சுற்றி நடந்து, தெருவை இரண்டு பக்கமும் படம் எடுத்தார். வயரிங் ரசீதை மட்டும் இரண்டு முறை பார்த்தார். எண் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

#17 மழைநாள்

வயரிங்கை அவர் திறந்து சோதிக்கவில்லையா? தண்ணீர் அழுத்தம், சாக்கடை எல்லாம்?

#18 அளவுநாடா

மதிப்பீடு வேறு, கட்டடப் பரிசோதனை வேறு. மதிப்பீட்டாளர் கண்ணுக்குத் தெரிவதை வைத்து விலை சொல்வார். பரிசோதகர்தான் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து, தளத்தைத் தட்டிப் பார்த்து, எது எப்போது பழுதாகும் என்று சொல்வார். மதிப்பீடு நன்றாக வந்ததால் வீடு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. நீங்கள் வாங்கப்போகிறீர்கள் என்றால் இரண்டுக்கும் தனித்தனியாகச் செலவழியுங்கள்.

#19 நிலைவாசல்

அறிக்கையின் நகல் வந்துவிட்டது. அண்ணன் தேடித்தந்தவரின் அறிக்கையும் நேற்று வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் 7 சதவீதம், வங்கியுடையது குறைவு. மூன்றாவது ஆளைக் கூப்பிடுவதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படித்தேன்.

வங்கி அறிக்கையில் ஒரு இடம் உறுத்துகிறது. பின்னறை பரப்பில் சேர்ந்திருக்கிறது, நல்லது. ஆனால் படுக்கையறை "2" என்று இருக்கிறது. எங்களுக்கு மூன்று. ஒப்பிட்ட மூன்று வீட்டில் இரண்டுக்கு மூன்று படுக்கையறை, அதற்காக இரண்டிலும் கழித்திருக்கிறார். அம்மாவின் அறையில் கட்டில் இல்லை. கடைசி வருடம் மருத்துவமனைக் கட்டில் போட்டிருந்தோம், திருப்பிக் கொடுத்துவிட்டோம். இப்போது தையல் மிஷின் மட்டும்தான் இருக்கிறது. அதனால் வேறு அறை என்று நினைத்துவிட்டாரா தெரியவில்லை.

இந்தத் தவறு எனக்குச் சாதகம் என்பது புரிகிறது. திருத்தச் சொன்னால் நான் கூடக் கொடுக்க வேண்டிவரும். ஆனாலும் எப்படித் திருத்தச் சொல்வது என்றுதான் கேட்கிறேன்.

#20 பச்சைக்கதவு

அவருக்கு நேரடியாகப் போன் செய்யாதீர்கள், வங்கி வழியாகத்தான் போக வேண்டும். நான் கோபத்தில் போன் செய்துவிட்டு, "வங்கி மூலம் வாருங்கள்" என்ற ஒரே பதிலோடு ஒரு வாரத்தை வீணாக்கினேன்.

#21 அளவுநாடா

ஆமாம், வங்கிக்கு மறுபரிசீலனை கோரிக் கடிதம் எழுதுங்கள். "மதிப்பு குறைவு" என்று ஒரு வார்த்தைகூட வேண்டாம். எந்தப் பக்கம், எந்த வரி, என்ன எழுதியிருக்கிறது, உண்மை என்ன, அதற்கு என்ன சான்று. அனுமதி வரைபடத்தில் அந்த அறைக்குப் படுக்கையறை என்று பெயர் இருந்தால் அந்த இடத்தில் வட்டம் போட்டு இணையுங்கள். அறையின் போட்டோ, ஜன்னல் தெரியும்படி. கருத்து வேறுபாட்டுக்கு மதிப்பீட்டாளர் அசைய மாட்டார், அசையவும் கூடாது. உண்மைப் பிழை என்றால் திருத்துவது அவர் கடமை, பெரும்பாலானவர்கள் தயங்காமல் செய்வார்கள்.

வித்தியாசம் 7ல் எவ்வளவு இதனால் வந்தது என்பது திருத்திய பிறகு தெரியும். அதுவரை மூன்றாவது ஆளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

#22 நிலைவாசல்

தாமதத்துக்கு மன்னியுங்கள். கடிதம் கொடுத்து ஒன்பதாம் நாள் திருத்திய அறிக்கை வந்தது. படுக்கையறை 3. மதிப்பு 4 சதவீதம் ஏறியிருக்கிறது. இப்போது இரண்டு அறிக்கைக்கும் இடைவெளி 3 சதவீதத்துக்குள் வந்துவிட்டது, எழுதிக்கொண்டபடி சராசரி எடுத்துவிட்டோம். கடன் வரம்பு முழு வீட்டு மதிப்பில்தான் என்று வங்கியும் எழுத்தில் கொடுத்தது. மாதத் தவணை நான் பயந்த அளவுக்கு இல்லை, ஆனால் இறுக்கம்தான்.

அண்ணனுக்கு இரண்டு அறிக்கையையும், திருத்தக் கடிதத்தையும் அனுப்பினேன். எண்ணைப் பற்றி எதுவும் பேசவில்லை. "அம்மா நோட்டை ஸ்கேன் பண்ணி எனக்கும் அனுப்பு" என்றார். இரவு வெகுநேரம் கழித்து, குழாய் வேலைச் செலவில் பாதி தன்னுடையது என்று ஒரு செய்தி அனுப்பினார். மதிப்பில் ஏற்கெனவே கழித்துவிட்டார்களே அண்ணா, உங்கள் பாதி அதிலேயே போய்விட்டது என்று விளக்கினேன். கேட்கிற மாதிரி இல்லை.

செங்கல்மணி அண்ணா, திங்கட்கிழமை பிளம்பர் சுவரை உடைக்கிறார். முடிந்ததும் எத்தனை நாளில் பெயிண்ட் அடிக்கலாம்?

#23 செங்கல்மணி

அவசரப்படாதீங்க சிஸ்டர். இணைப்பை மாத்தினதும் உடனே பூசாம ரெண்டு நாள் திறந்தே வெச்சு, குளியலறையை நல்லா உபயோகிச்சு, கசிவு நின்னுதான்னு உறுதி பண்ணுங்க. அப்புறம் பூச்சு. அந்தப் பூச்சு, உள்ள ஊறின பழைய ஈரம் ரெண்டும் காய வாரக்கணக்குல ஆகும். அலமாரியைத் திருப்பி ஒட்டி வைக்காதீங்க, காத்து போகணும். கையை வெச்சா பக்கத்துச் சுவர் மாதிரியே இருக்கணும், அந்தச் சில்லிப்பு இருக்கவே கூடாது. வெள்ளையா உப்பு பூத்தா உலர்ந்த பிரஷ்ஷால தட்டி விடுங்க, தண்ணி போட்டுத் துடைக்காதீங்க. பூக்கிறது நின்னப்புறம் பெயிண்ட். பிளம்பர் ரசீதையும், உடைச்சு வெச்ச சுவர்ல புது இணைப்பு தெரியிற மாதிரி ஒரு போட்டோவையும் அந்த நோட்டுல சேர்த்துடுங்க.